சீமென்ஸா, ராக்வெல்லா என்று கேட்ட பெண்ணுக்கு

அண்ணன் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கடலூர்ப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலை, இன்ஸ்ட்ருமென்டேஷன், அதாவது அளக்கும் கருவிகளையும் தானியங்கிக் கட்டுப்பாட்டையும் கவனிக்கும் பிரிவில் பயிற்சிப் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டாள். நலம் விசாரித்து முடிப்பதற்குள், "சித்தப்பா, வேலையில் சேர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சீமென்ஸ் படிக்கட்டுமா, ராக்வெல் படிக்கட்டுமா?" என்றாள். இரண்டும் பி.எல்.சி., அதாவது தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் கணினி, செய்கிற கம்பெனிகள். எதையாவது படி என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் இதே வேலையில் கிடக்கிற மனிதர் சொல்கிற பதிலா இது என்று நினைத்திருப்பாள். அரை மணி நேரம் விளக்கினேன். ஆனால் போனை வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. அதை இங்கே எழுதுகிறேன். இந்த ஆண்டு வேலையில் சேர்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

எதையாவது படி என்று அலட்சியமாகச் சொல்லவில்லை. பி.எல்.சி.க்குக் கட்டளை எழுதும் லேடர் என்கிற மொழியே, ரிலே என்கிற மின் சுவிட்சுகளின் வரைபடம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் பார்த்தவுடன் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக உண்டானது. ஒரு கம்பெனியின் பி.எல்.சி.யில் கை பழகினால் இன்னொன்று சில வாரங்களில் வந்துவிடும். பயிற்சி நிலையங்களில் டிராஃபிக் விளக்கையும் லிஃப்டையும் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். தப்பில்லை. ஆனால் அந்த விளக்கு எரி என்றால் எரியும், அணை என்றால் அணையும். தொழிற்சாலையில் இருக்கிற வால்வு அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. அதை எந்த நிலையத்திலும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். வேலையில் சேர்ந்து எட்டாவது மாதம். ஆவியால் சூடாக்கும் ஒரு வெப்பப் பரிமாற்றி. வெளியே வருகிற திரவம் 85 டிகிரியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. 82க்கு இறங்கும், 88க்கு ஏறும், நாலைந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று. அளவைப் பார்த்து வால்வைத் தானே திறந்து மூடும் கணக்குக்குப் பி.ஐ.டி. என்று பெயர், அதன் எண்களைச் சரிசெய்வது டியூனிங். அதைப் பற்றிக் கல்லூரியில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். விடுவேனா? கெயினை, அதாவது பிழைக்கு எவ்வளவு பலமாகப் பதில் தருவது என்ற எண்ணை, குறைத்தேன். ஆட்டம் மெதுவானது, நிற்கவில்லை. இன்டெக்ரல் நேரத்தை, அதாவது மிச்சப் பிழையை எவ்வளவு மெதுவாகத் திருத்துவது என்ற எண்ணை, கூட்டினேன். சுற்று இன்னும் நீண்டது, அவ்வளவுதான். மூன்று இரவு. ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை பிடித்துவிட்டோம் என்று தோன்றும். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் பழையபடி அலை அலையாக ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் பிரிவில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி. பகலில் எல்லார் முன்னாலும் என்னை "சார்" என்பார், இரவு ஷிப்டில் "தம்பி" என்பார். மூன்றாவது இரவு அவர் என் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "தம்பி, மேனுவலில் போடுங்கள்" என்றார். கணினி தானாக வால்வை நகர்த்தாமல் நிறுத்தி வைப்பது அது. போட்டேன். பத்து நிமிடத்தில் ஆட்டம் அடங்கியது. "ஆவி அழுத்தம் ஆடியிருந்தால் இது நின்றிருக்காது. நம் லூப்தான் ஆடுகிறது. வாருங்கள், போய்ப் பார்ப்போம்." அளக்கும் கருவி, கணினி, வால்வு மூன்றும் சேர்ந்த சுற்றுக்குத்தான் லூப் என்று பெயர்.

டார்ச்சும் வாக்கி டாக்கியும் எடுத்துக்கொண்டு வால்வின் அருகே போனோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து, வால்வைத் திறந்து மூடும் தண்டான ஸ்டெம்மின் மேல் மெல்லிசாக ஒரு கோடு போட்டார். பிறகு கன்ட்ரோல் ரூமில் இருந்த ஆபரேட்டரிடம் ஒவ்வொரு சதவீதமாக ஏற்றச் சொன்னார். 50 என்று குரல் வந்தது. 51. கோடு அசையவில்லை. 52, 53. அசையவே இல்லை. 54 என்றதும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்டெம் ஒரே துள்ளலில் மேலே போய் நின்றது. இறக்கும்போதும் அதே கதை. அவர் ஒன்றும் பேசாமல், ஸ்டெம்மைச் சுற்றி ஆவி கசியாமல் இறுக்கும் கிளாண்டின் மேல் டார்ச்சை அடித்துக் காட்டினார். நட்டின் முனைகள் பளபளவென்று புதிதாகச் சிராய்த்திருந்தன. போன மாதம் அங்கே ஆவி கசிந்திருக்கிறது. யாரோ ஸ்பேனரைப் போட்டு மூச்சைப் பிடித்து இறுக்கியிருக்கிறார்கள். கசிவு நின்றது, கூடவே வால்வும் நின்றுவிட்டது.

மழைக்காலத்தில் ஊறிப்போன மர மேசையின் இழுப்பறையைத் திறந்திருக்கிறீர்களா? மெல்ல இழுத்தால் வராது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பலத்தைக் கூட்டுவோம். திடீரென்று முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்து மடியில் விழும். இன்டெக்ரல் செய்வதும் அதேதான். வெப்பம் குறைவாக இருக்கிறதே என்று பொறுமையாகக் கூட்டிக்கொண்டே போகிறது. வால்வு கடைசியில் துள்ளும்போது தேவைக்கு மேல் திறந்துவிடுகிறது. பிறகு எதிர்த்திசையில் அதே கூத்து. இதற்கு எந்த எண்ணைப் போட்டாலும் தீராது. மறுநாள் காலை பைபாஸ் என்கிற மாற்றுக் குழாய் வழியாக ஆவியை ஓட்டி, வால்வைத் தனிமைப்படுத்தி, கிளாண்டுக்குள் இருக்கும் அடைப்பான பேக்கிங்கை மாற்றினார்கள். நான் மாற்றுவதற்கு முன்பு இருந்த பழைய எண்களையே திரும்பப் போட்டோம், கோடு நேராக ஓடியது. அந்தப் பழைய எண்களை நான் எழுதி வைக்கவில்லை என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். ஆபரேட்டர் தன் லாக் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். திரையில் வால்வு 54 சதவீதம் என்று காட்டினால், அது வால்வு சொன்னது அல்ல, நாம் வால்வுக்குச் சொன்னது என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சின்ன விஷயமாகத் தெரியலாம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். அழுத்தத்தை வெளியேற்றத் திறந்த ஒரு வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டது. பேனலில் இருந்த விளக்கோ, மூடியாயிற்று என்று அர்த்தப்படும்படி அணைந்திருந்தது. அந்த விளக்கு வால்வின் நிலையோடு இணைக்கப்படவில்லை. வால்வை இயக்கும் மின்காந்தமான சோலெனாய்டுக்கு மின்சாரம் போகிறதா இல்லையா என்பதை மட்டும்தான் அது காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குளிர்விக்கும் நீர் அந்த வழியாகப் போய்க்கொண்டே இருந்தது, உலையின் உட்பகுதியில் பெரும் பங்கு உருகியது. அங்கே இருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. விளக்கு என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள், யார் சொல்லி அது சொல்கிறது என்று தெரியாமல் இருந்தார்கள்.

அதனால் நீ சேர்ந்த முதல் மாதத்தில், உன் பிரிவில் இருக்கிற இருபது முப்பது அளவுகளை எடுத்துக்கொள். ஒவ்வொன்றுக்கும் இது எங்கிருந்து வருகிறது என்று கேள். குழாய்களையும் கருவிகளையும் காட்டும் பி அண்ட் ஐ.டி. வரைபடத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு குழாய் கூடவே நட. பம்பிலிருந்து தொடங்கு. வரைபடத்தில் இருக்கிற வால்வு நேரில் இருக்காது, நேரில் இருப்பது வரைபடத்தில் இருக்காது. சிவப்புப் பேனாவால் குறித்துக்கொள். வெயிலில் நான்கு நாள் நடந்தால், ஏ.சி. அறையில் நான்கு மாதம் உட்கார்ந்தாலும் கிடைக்காதது கிடைக்கும்.

அளவுகளில் மிகவும் ஏமாற்றுவது மட்டம், அதாவது லெவல். பல தொட்டிகளில் நாம் மட்டத்தை அளப்பதில்லை. அடியில் எவ்வளவு அழுத்தம் என்று அளந்து, திரவத்தின் அடர்த்தி இவ்வளவு என்று வைத்துக்கொண்டு, உயரத்தைக் கணக்குப் போடுகிறோம். அடர்த்தி மாறினால் கணக்குப் பொய். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 170 அடி உயரக் கோபுரம் ஒன்று கிட்டத்தட்ட முழுதும் நிரம்பி வழிந்தது. அங்கே இருந்தது மிதக்கும் தன்மையை வைத்து அளக்கும் வேறு வகைக் கருவிதான், ஆனால் நோய் அதே நோய்: அடர்த்தி. கோபுரம் நிரம்பிக்கொண்டிருந்தபோது அந்தக் கருவி பத்து அடிக்கும் குறைவாகக் காட்டியது, அதுவும் மெல்ல இறங்குவது போலக் காட்டியது. தனியாக இருந்த உயர்மட்ட அலாரமும் அடிக்கவில்லை. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயப்பட்டார்கள். எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்று கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தாலே அந்த எண் பொய் என்று தெரிந்திருக்கும். ஒரு கருவியை நம்பாதே, இரண்டைப் பொருத்திப் பார் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கருவிகள் அளவை மின்னோட்டமாக அனுப்புகிற நாலு முதல் இருபது மில்லி ஆம்பியர் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். 4 என்றால் பூஜ்யம், 12 என்றால் பாதி, 20 என்றால் முழுசு, பத்து சதவீதத்துக்கு 1.6. பூஜ்யத்துக்கு ஏன் 4 என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். கம்பி அறுந்தால் 0 வரும். தொட்டி காலியா, கம்பி காலியா என்று தெரிய வேண்டாமா? ஆலைக்குள் கருவியின் அருகே நின்றுகொண்டு மீட்டரில் 3.2 பார்த்தால், பிரச்சினை திரவத்தில் இல்லை, கருவியிலோ கம்பியிலோ என்று நிமிடத்தில் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு தமாஷும் உண்டு. ஆரிஃபிஸ் பிளேட், அதாவது குழாய்க்குள் துளையிட்ட தகடு, வைத்து ஓட்டம் அளக்கும்போது, கிடைக்கிற அழுத்த வித்தியாசத்துக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அளவை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரிலும் எடுக்கலாம், கன்ட்ரோல் சிஸ்டத்திலும் எடுக்கலாம். எங்கள் ஆலை ஒன்றில் இரண்டு இடத்திலும் எடுத்திருந்தார்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும், நூறில் சரியாக இருக்கும், கேலிபரேஷன் சான்றிதழும் பிரமாதமாக இருக்கும். நடுவில்தான் கோளாறு. உண்மையில் பாதி ஓட்டம் இருக்கும்போது திரையில் 70.7 காட்டும். ஒரு வருடம் அப்படியே ஓடியது. கடைசியில் கண்டுபிடித்தவர் இன்ஸ்ட்ருமென்ட் ஆள் இல்லை, மாதக் கடைசியில் சரக்குக் கணக்கு இடிக்கிறதே என்று வந்து நின்ற ஸ்டோர்ஸ் குமாஸ்தா. ஆகவே சோதிக்கும்போது இரு முனைகளை மட்டும் பார்க்காதே, நடுவிலும் பார்.

டியூனிங் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபிப்பாய். சீக்லர், நிக்கல்ஸ் என்ற இரு பொறியாளர்கள் 1942இல் வெளியிட்ட விதிகளைத்தான் இன்றும் கல்லூரியில் படிக்கிறோம். லூப்பை வேண்டுமென்றே ஆட வைத்து எண் எடுக்கும் அந்த முறையை ஓடுகிற ஆலையில் செய்துவிடாதே, புரொடக்‌ஷன் மேலாளர் உன்னை உயிரோடு விடமாட்டார். மேனுவலில் போட்டு, ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, வெளியீட்டை இரண்டு மூன்று சதவீதம் நகர்த்து. எவ்வளவு நேரம் கழித்து அசைகிறது, எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு நேரத்தில் அமைகிறது என்று மூன்றையும் குறி. அதுவே போதும். ஓட்ட லூப்புகளில் டெரிவேட்டிவை, அதாவது மாற்றத்தின் வேகத்துக்குப் பதில் தரும் எண்ணை, தொடவே தொடாதே, இரைச்சலைப் பெருக்கி வால்வைத் தேய்த்துவிடும். மாற்றுவதற்கு முன் பழைய எண்ணை எழுதி வை. இதை ஏன் சொல்கிறேன் என்று மேலே படித்திருப்பாய்.

ஒரு லூப்பை ஆபரேட்டர் எப்போதும் மேனுவலிலேயே வைத்திருந்தால், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டாதே. அவரோடு ஓர் இரவு ஷிப்ட் உட்கார். ஆட்டோவில் போட்டால் பக்கத்து ரியாக்டருக்கு ஆவி குறைகிறது என்பார். அல்லது, 2016இல் ஒருமுறை டிரிப் ஆகி நின்றது, அதற்குப் பிறகு பயம் என்பார். இரண்டும் நியாயமான காரணம்தான், இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அலாரம் வைப்பது சுலபம் என்பதால் எல்லாரும் வைக்கிறார்கள். 1994இல் பிரிட்டனில் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களுக்குள் 275 அலாரங்கள் வந்தன, பார்க்க இருந்தவர்கள் இரண்டு பேர். புதிதாக ஒன்று சேர்க்கச் சொன்னால், அது அடித்தவுடன் ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும் என்று கேள். பதில் இல்லையென்றால் அது அலாரம் இல்லை.

இன்னொன்று, இன்டர்லாக் பைபாஸ், அதாவது ஆபத்து வந்தால் இயந்திரத்தைத் தானே நிறுத்தும் பாதுகாப்பைச் செயல்படாமல் செய்வது. "இப்போதைக்கு ஒரு கம்பியை மாட்டுங்கள், காலையில் எடுத்துவிடலாம்" என்று இரவு இரண்டு மணிக்குச் சொல்வார்கள். சொல்கிறவர் உன்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். பதிவேட்டில் எழுதி, அனுமதி உள்ளவரின் கையெழுத்து வாங்காமல் மாட்டாதே. பி.எல்.சி.யில் ஃபோர்ஸ் போடுவதும், அதாவது நிஜம் எதுவானாலும் இதுதான் என்று ஒரு சிக்னலைப் பூட்டி வைப்பதும், கம்பி மாட்டுவதுதான், கண்ணுக்குத் தெரியாத கம்பி. நான் ஒரு பேனலைத் திறந்தபோது இப்படி ஒரு "காலையில் எடுத்துவிடலாம்" கம்பியைப் பார்த்தேன். அதன் மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள். என்ன கோளாறு, என்ன நினைத்தோம், உண்மையில் என்ன இருந்தது என்று மூன்று வரி போதும். என்னுடையது ஏழாவது புத்தகம். அதில் ஒரு பக்கம் இன்னும் முடியாமல் கிடக்கிறது. குளிர்நீர் ஓட்ட லூப் ஒன்று, மார்கழி மாதத்தில் மட்டும், விடியற்காலை மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஆடும். மேனுவலில் போட்டாலும் ஆடும். சாக்பீஸ் கோடு அசையாமல் நிற்கும். டிரான்ஸ்மிட்டரை மாற்றினோம், அதற்கு அழுத்தம் கொண்டுபோகும் சிறு குழாயான இம்பல்ஸ் லைனைக் கழுவினோம், கேபிளின் உலோக உறையான ஷீல்டு ஒரு முனையில் மட்டும் எர்த் ஆகியிருக்கிறதா என்று பார்த்தோம், பம்பை மாற்றி ஓட்டினோம். பிடிபடவில்லை. பிறகு எனக்கு மாற்றல் வந்துவிட்டது. இந்த மாதிரி யாராவது பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள்.