உலர் ஈஸ்ட் 8 சதவீதத்தோடு நின்றுவிடுமா?

வீட்டில் பீர் காய்ச்சுபவர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது: பெல்ஜியப் பாணி கடும் பீருக்குத் திரவ ஈஸ்ட்தான் சரி, உலர் ஈஸ்ட் 8 சதவீத ஆல்கஹாலைத் தாண்டாமல் செத்துவிடும் என்று. தவறு. ஈஸ்ட் தயாரிப்பு நிறுவனமான லாலிமாண்டின் 'அபே' உலர் ஈஸ்ட் 14 சதவீதம் வரை தாங்கும் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். இன்னொரு நிறுவனமான ஃபெர்மென்டிஸின் பிஇ-256 உலர் ஈஸ்ட் கடும் மடாலய பீர்களை மனத்தில் வைத்தே விற்கப்படுகிறது.

பிறகு ஏன் பலருக்கு நொதித்தல் பாதியில் நிற்கிறது? பெரும்பாலும் கஞ்சத்தனம்தான். 20 லிட்டர் அடர்ந்த மால்ட் (முளைகட்டிய தானிய) சாற்றுக்கு ஒரே ஒரு 11 கிராம் பாக்கெட்டைத் தூவிவிட்டு ஈஸ்டைத் திட்டுவதில் நியாயமில்லை. அங்கே இரண்டு வேண்டும். நொதித்தலின் பிற்பகுதியில் வெப்பம் சரிந்தாலும் ஈஸ்ட் அடியில் படிந்து உறங்கிவிடும். 18 பாகை செல்சியஸில் தொடங்கி மெல்ல உயர்த்துவதே நல்லது.

திரவ ஈஸ்டில் வகைகள் அதிகம் என்பது மட்டும் உண்மை.

'நன்றாக உலர்த்தும்', அதாவது இனிப்பை மிச்சம் வைக்காது என்று நம்பி பெல் சேசான் என்ற உலர் ஈஸ்டுக்கு மாறுபவர்கள் கவனிக்க: அது மற்ற ஈஸ்ட்கள் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் துணுக்குகளையும் தின்னும். நொதித்தல் முழுதாக முடியுமுன் அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.