படித்துச் சொல்ல ஓர் ஆள்

நான் தபால்காரனாக வேலைக்குச் சேர்ந்த 1973இல் அறந்தாங்கி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது; மறு ஆண்டு ஜனவரியில்தான் புதுக்கோட்டை மாவட்டம் உருவானது. பின்கோடு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்ததால், உறைகளின் மேல் அந்த ஆறு இலக்கத்தை எழுதுவோர் மிகக் குறைவு. காலைப் பேருந்தில் வரும் பையின் அரக்கு முத்திரையை உடைத்து, கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, பத்து மணிக்குச் சைக்கிளை எடுத்தால் வீடு திரும்ப மாலை நான்காகும். அறந்தாங்கியைச் சுற்றியுள்ள கிராமங்களில் 2011 வரை இப்படித்தான் என் நாட்கள் கழிந்தன.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் வேலை என்று விதிமுறைப் புத்தகம் சொல்லும். ஆனால் நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. மகன் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். எழுபதுகளின் இறுதியிலிருந்து துபாயும் சவூதியும் சேர்ந்துகொண்டன. ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடிட்ட உறையைக் கையில் வாங்கிய தாய், அதை அப்படியே என்னிடம் திருப்பித் தருவார். திண்ணையில் உட்கார்ந்து, முதலில் வாய்க்குள் ஒருமுறை முழுவதையும் படித்து, துக்கச் செய்தி ஏதும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் குரலெடுத்துப் படிப்பேன். பதிலையும் நானே எழுதுவேன். அவர் சொல்லச் சொல்ல எழுதி முடித்து, கடைசியில் ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும். ஒரு வீட்டுக் கடிதத்தில் இருந்ததை இன்னொரு வீட்டில் நான் ஒருபோதும் வாய் திறந்ததில்லை. அந்த ஊர்கள் என்னிடம் கேட்ட ஒரே உத்தரவாதம் அதுதான்.

இதில் ஒரு பிழை செய்திருக்கிறேன். தம்பிக்குக் கொடுத்த நிலத்தைப் பற்றி ஒரு மகன் தன் தாய்க்குக் கடுமையான இரண்டு வரிகள் எழுதியிருந்தான். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனம் வரவில்லை. அந்த வரிகளைத் தாண்டி அடுத்ததைப் படித்துவிட்டேன். சில மாதங்கள் கழித்து அவன் ஊருக்கு வந்து சண்டையிட்டபோது, தான் எழுதியதை அம்மா பொருட்படுத்தவில்லை என்றே நினைத்திருக்கிறான். மறுமுறை நான் போனபோது அவர் கோபப்படவில்லை. "எழுதுனத எழுதுனபடி படி தம்பி. தாங்குறதும் தாங்காததும் என் பாடு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு சொல்லைக்கூட நான் விட்டுப் படித்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இரக்கத்தைவிட முழுச் செய்தி முக்கியம் என்பதை அந்தத் திண்ணையில்தான் கற்றேன்.

மாதம் பிறந்து சில நாட்களில் முதியோர் ஓய்வூதிய மணியார்டர்கள் வரும். 1962இல் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம் அது. பெயரைக் கூப்பிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து, இடது பெருவிரலை மையில் தொட்டுப் படிவத்தில் வைக்கச் சொல்லி, பக்கத்தில் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். களையெடுத்தும் கதிரறுத்தும் தேய்ந்த விரல்கள் அவை. பல நேரம் கோடே இல்லாமல் வெறும் கறுப்புத் திட்டாகத்தான் பதியும். ஆனாலும் எதிரே நிற்பவர் யார் என்று எனக்குத் தெரியும், சாட்சிக்கும் தெரியும், பணம் கைமாறும். அந்தப் பணத்தில் ஐந்தும் பத்தும் எடுத்துக்கொண்ட தபால்காரர்களும் இருந்தார்கள். எங்கள் தொழிலின் கறை அது, மறைக்க மாட்டேன். முதியோரின் பணம் பின்னாளில் வங்கிக் கணக்குக்கு மாறியதை நான் எதிர்க்காததற்கும் அதுவே காரணம்.

1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. பெண்கள் இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துக் கற்றதையும், பகலில் சைக்கிள் ஓட்டப் பழகியதையும் நேரில் பார்த்தவன் நான். அதுவரை கைநாட்டு வைத்துவந்த ஒரு பெண், ஒருநாள் மணியார்டர் படிவத்தை வாங்கித் தன் பெயரை நிதானமாக எழுதி முடிக்கும்வரை வெயிலில் காத்து நின்றேன். என் வேலைக் காலத்தில் எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி தந்த கையெழுத்து அது. ஆனாலும் இயக்கம் எல்லோரையும் எட்டிவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 73 பேர்தான் எழுத்தறிந்தவர்கள். மீதிப் பேரில் பலர் என் வயதையொத்தவர்கள். இன்று தனியாக இருப்பவர்கள்.

அவர்களுக்கு இப்போதும் கடிதம் வருகிறது, தொலைபேசிக்கு வருகிறது. பணம் ஏறியது, பணம் குறைந்தது, எரிவாயு உருளை பதிவானது, கணக்கைப் புதுப்பிக்க வேண்டும் என்று நாள்தோறும் வருகிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். படித்துச் சொல்ல ஆள் இல்லை. அன்று கடிதத்தை என்னிடம் நீட்டியவர் அந்த ஒரு கடிதத்தை மட்டுமே நீட்டினார். இன்று தொலைபேசியை நீட்டுபவர் தன் கணக்கையும், ரகசிய எண்ணையும், வரப்போகும் ஓ.டி.பி.யையும் சேர்த்தே நீட்டுகிறார். பணம் எடுக்கப் போனால் கருவி விரலைக் கேட்கிறது. தேய்ந்த ரேகையை அதனால் படிக்க முடிவதில்லை. "நாளைக்கு வாங்க" என்கிறார்கள். சாட்சி சொல்லப் பக்கத்தில் பத்துப் பேர் இருந்தும் பயனில்லை. கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தோற்கும் இடத்தில், ஆளைத் தெரிந்த ஒருவரின் சாட்சியை ஏற்கும் வழி கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறேன். அரசும் வங்கியும் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் தமிழில் வர வேண்டும்; எழுத்தறியாதவர் என்று கணக்கில் குறித்திருந்தால் அதே செய்தி குரலாகவும் வர வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ வாரம் இரண்டு நாள், பொறுப்பேற்றுக்கொண்ட ஒருவர் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை.

அந்த ஏற்பாடு வரும்வரை செவ்வாயும் வெள்ளியும் காலையில் நான் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோவில் திண்ணையில் உட்காருகிறேன். போன வெள்ளிக்கிழமை ஓர் ஆத்தா தன் தொலைபேசியைக் கொண்டுவந்தார். படிக்காத செய்திகள் பதினொன்று இருந்தன. ஒன்பது விளம்பரங்கள்; ஒன்று எரிவாயு. கடைசியாக இருந்தது, அவருடைய ஓய்வூதியம் 1,200 ரூபாய் செவ்வாய்க்கிழமையே கணக்கில் ஏறிவிட்டது என்ற செய்தி. அந்த மூன்று நாளும் அவர் பால்காரரிடம் கடன் சொல்லியிருக்கிறார்.