நியூஸ் என்றால் நாலு திசை இல்லைங்க

அந்த ஃபார்வர்ட் மறுபடியும் குடும்ப குரூப்புகளில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் நாலின் முதலெழுத்தையும் சேர்த்தால் நியூஸ், நாலு திசையிலிருந்தும் சேதி வருவதால் அந்தப் பெயராம். இதைச் சில வகுப்பறைகளிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நியூ என்றால் புதுசு, அதோடு பன்மைக்கான ஸ் சேர்ந்து நியூஸ், புதுச் சங்கதிகள், அவ்வளவுதான் விஷயம். பிரெஞ்சிலும் செய்தியைக் குறிக்கும் சொல் 'புதிய' என்பதிலிருந்து வந்ததுதான்.

கோல்ஃப் கதையும் இதே ரகம். 'ஜென்டில்மென் ஒன்லி, லேடீஸ் ஃபர்பிடன்' என்பதன் சுருக்கமாம். 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இந்த ஆட்டத்தையும் கால்பந்தையும் தடை செய்தது, ஜனங்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள் என்று. அந்தச் சட்டத்திலேயே கோல்ஃப் என்ற பெயர் இருக்கிறது. பகட்டான, உயர்தரமான என்ற பொருளில் வரும் 'போஷ்' என்ற சொல்லுக்கு நம் நாட்டையே இழுத்துவிட்டார்கள்: இந்தியாவுக்குக் கப்பலேறிய பணக்கார வெள்ளைக்காரர்கள் வெயில் படாத அறையாகப் பார்த்து, போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் எடுப்பார்களாம், டிக்கெட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதைச் சுருக்கி முத்திரை குத்துவார்களாம். அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்டைக்கூட யாரும் இதுவரை காட்டியதில்லை.

முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். ரேடார், லேசர் எல்லாம் அப்படி வந்தவை. அதற்கு முன்பே புழங்கிய ஒரு சொல்லுக்கு யாராவது இப்படி விரிவு சொன்னால் அநேகமாக அது கட்டுக்கதை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், உண்மைக் கதைகள் இதைவிட எத்தனையோ மடங்கு சுவையானவை. லார்ட் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கடவுளுக்கும் பிரபுவுக்கும் சொல்கிறோமே, அதன் பழைய வடிவம் 'ஹ்லாஃப்வேர்ட்'. ஹ்லாஃப் என்றால் ரொட்டி, இன்றைய லோஃப். வேர்ட் என்றால் காவல்காரன், இன்றைய வார்டன், கார்ட் எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள். ஆக, பிரபு என்பவன் ரொட்டியைக் காப்பவன். லேடியோ 'ஹ்லாஃப்டிகே', அதாவது மாவு பிசைபவள். அந்த வீட்டில் சாப்பிட்டுப் பிழைக்கும் வேலைக்காரனுக்கு 'ஹ்லாஃபேட்டா', ரொட்டி தின்பவன் என்று பேர். ஒரு வீட்டில் யார் யாருக்கு என்ன இடம் என்பது முழுக்க அந்த ரொட்டியை வைத்தே தீர்மானமாகியிருக்கிறது பாருங்கள். இங்கிலாந்தில் கென்ட் பகுதியை ஆண்ட அரசன் எத்தல்பர்ட் கி.பி. 600 வாக்கில் போட்ட சட்டத்தில், ஒரு சாதாரணக் குடியானவனின் 'ரொட்டி தின்பவனை' எவனாவது கொன்றால் 6 ஷில்லிங் ஈடு கட்ட வேண்டும் என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய சட்டமே அதுதான். காலம் போகப்போக ஹ்லாஃப்வேர்ட் வாய்க்கு வாய் தேய்ந்து லார்ட் ஆகிவிட்டது, கூடவே ரொட்டியும் மறந்துபோனது.

ஃபார்ட்நைட்டும் அப்படித்தான். 'ஃபோர்ட்டீன் நைட்ஸ்', பதினாலு இரவு. ஜெர்மானியக் குடிகள் நம்மைப் போல நாள் கணக்கு வைப்பதில்லை, இரவைத்தான் எண்ணுகிறார்கள் என்று ரோமானியர் டாசிடஸ் கி.பி. 98இலேயே எழுதிவைத்துவிட்டார். அந்த இரவுக் கணக்கு இந்த ஒரு சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கும் 'செனைட்' என்று ஏழு இரவுச் சொல் இருந்தது, அது வழக்கொழிந்துவிட்டது.

பழைய பாணிக் கடைப் பலகைகளில் 'யீ ஓல்ட்' என்று பார்த்திருப்பீர்கள். அது 'யீ' இல்லை, 'தி'தான். த ஒலிக்கு ஆங்கிலத்தில் தார்ன் என்று ஒரு தனி எழுத்து இருந்தது, கையெழுத்தில் அது மெல்ல மெல்ல ஒய் மாதிரியே ஆகிவிட்டது. 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடம் கொண்டுவந்தார், ஐரோப்பாவில் வார்த்த அச்சுகளில் தார்ன் கிடையாது, அதனால் அந்த இடத்தில் ஒய்யை வைத்து ஓட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே வாயாலும் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அதுதான் 'உண்மையான அர்த்தம்' என்று வாதாடுவார்கள். நைஸ் லத்தீனில் 'ஒன்றும் அறியாதவன்' என்பதிலிருந்து வந்தது, அதனால் யாரையும் நைஸ் என்று சொல்லாதீர்கள் என்று ஒரு பதிவு பார்த்தேன். அது சரியில்லை. மூலம் உண்மைதான், ஆனால் மூலம் வேறு, இன்றைய பொருள் வேறு. சில்லி என்ற சொல் ஒரு காலத்தில் 'ஆசீர்வதிக்கப்பட்ட' என்று பொருள்பட்டது, அப்புறம் அப்பாவி, அப்புறம் பாவப்பட்ட, கடைசியில் அசட்டுத்தனமான. கேர்ள் என்றால் ஆணோ பெண்ணோ, சின்னப் பிள்ளை, அவ்வளவுதான். இன்றைக்கு யாரும் அந்தப் பொருளில் பேச முடியாது.

இதெல்லாம் யாரோ உட்கார்ந்து யூகித்ததும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக ஆயிரக்கணக்கான சாதாரண வாசகர்கள் பழைய புத்தகங்களைப் படித்து, ஒரு சொல் வரும் வரியை ஆண்டோடு சீட்டில் எழுதி ஆசிரியர் ஜேம்ஸ் மரேவுக்குத் தபாலில் அனுப்பினார்கள். முதல் பகுதி 1884இல் வந்தது, வேலை முடிய 1928 ஆகிவிட்டது. மரே 1915இலேயே இறந்துவிட்டார், முடிந்ததைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் உழைப்பை ஒரு ஃபார்வர்ட் ஒரே நிமிஷத்தில் மூடி மறைத்துவிடுகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

கடைசியாக ஸ்டெப்னி. அலுவலகத்தில் 'அது தப்பு இங்கிலீஷ், ஸ்பேர் வீல் என்று சொல்லு' என்று சின்னப் பசங்களைத் திருத்துகிறார்கள், தயவுசெய்து திருத்தாதீர்கள். ஆரம்பகாலக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது, பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். வேல்ஸில் லனெத்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் ஆரக்கால் இல்லாத, காற்றடைத்த டயரோடு கூடிய ஒரு வளையம் செய்தார்கள். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் மேலேயே இதை மாட்டி வண்டியை ஓட்டிப் போகலாம். அவர்கள் கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில், அந்தப் பெயரையே சாமானுக்கும் வைத்தார்கள். இங்கிலாந்தில் பொருளும் போய்ப் பேச்சிலிருந்து பெயரும் போய்விட்டது. இந்தியாவிலும் மால்டாவிலும் மெக்கானிக்குகள் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.