24 சதுரத்தில் தொலைந்த 4 சென்டி

இது கொஞ்சம் கடுப்பில் எழுதுகிற பதிவு. கடுப்பு என் மேலேதான்.

இஞ்சில் அளவு கொடுத்திருந்த ஒரு குவில்ட் பேட்டர்ன், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்கான அளவுக் குறிப்பு. ஒரு வரிசைக்கு 24 சதுரம். ஒவ்வொன்றையும் இரண்டரை இஞ்சுக்கு வெட்ட வேண்டும். சுற்றிலும் கால் இஞ்ச் தையலுக்குப் போனால், தைத்து முடித்ததும் இரண்டு இஞ்ச் நிற்கும். என்னிடம் இருந்தது சென்டிமீட்டர் ஸ்கேல். சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டரை இஞ்ச் என்றால் 6.35 சென்டி. அரை மில்லிமீட்டரை எங்கே போய் ஸ்கேலில் தேடுவது? 6.3 என்று வைத்துக்கொண்டேன். கால் இஞ்ச் என்றால் 6.35 மி.மீ. கொஞ்சம் கூட விட்டால் தையல் பிரியாது என்ற நல்லெண்ணத்தில் 7 மி.மீ. விட்டுத் தைத்தேன். எல்லாவற்றையும் சேர்த்து, இஸ்திரி போட்டு, பார்டர் துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பார்டர் நாலு சென்டிக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்டரை மட்டும் பேட்டர்ன் சொன்ன நீளத்துக்கு அச்சு அசலாக வெட்டியிருந்தேன்.

முதலில் துணி சுருங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். துணிமேல் பழி போடுவது சுலபம். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வெட்டியதில் போனது சதுரத்துக்கு அரை மி.மீ., 24 சதுரத்துக்கு 1.2 சென்டி. தையலில் ஒரு பக்கத்துக்கு 0.65 மி.மீ.தான் கூடுதல். ஆனால் ஒவ்வொரு சதுரத்துக்கும் இரண்டு பக்கமும் தையல் உண்டே! சதுரத்துக்கு 1.3 மி.மீ., 24க்கு 3.1 சென்டி. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன், தைக்கும்போது கோட்டை விட்டேன்.

இதில் 2.54 என்ற எண்ணின் மேல் தப்பே இல்லை. ஒரு காலத்தில் அமெரிக்க இஞ்சுக்கும் பிரிட்டிஷ் இஞ்சுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தது. 1959-ல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் உடன்பட்டு ஒரு யார்டு என்றால் 0.9144 மீட்டர் என்று முடிவு செய்தன. அன்றிலிருந்து ஒரு இஞ்ச் என்றால் 2.54 சென்டி, தோராயம் கிடையாது. மாற்றிய எண்ணை நம் ஸ்கேலுக்கு வசதியாக ஒவ்வொரு இடத்திலும் வெட்டியும் ஒட்டியும் வைக்கிறோமே, அங்கேதான் ஓட்டை.

ஆகவே என் கட்சி இதுதான்: பேட்டர்னில் உள்ள வெட்டு அளவுகளை ஒவ்வொன்றாக மாற்றவே கூடாது. தைத்து முடித்தபின் நிற்கும் அளவை எடுங்கள், அதை உங்கள் டேப்பில் முழுசாக விழும் ஒரு கட்டமாக்குங்கள், தையலுக்கு விடுவதைக் கடைசியில் உங்கள் முறையிலேயே சேருங்கள். பேட்டர்ன் 8 சென்டி சதுரம் என்கிறதா? 3 இஞ்ச் சதுரம் என்று வைத்து மூன்றரைக்கு வெட்டுங்கள். போர்வை முழுவதும் ஏறக்குறைய 5 சதவீதம் சிறுத்துப் போகும். போகட்டுமே! போர்த்திக்கொள்பவருக்கு அது தெரியப் போவதில்லை. மூலைக்கு மூலை பொருந்தாவிட்டால் கண்ணுள்ள எல்லாருக்கும் தெரியும்.

சதுரத்தைக் குறுக்கே வெட்டி முக்கோணம் எடுக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். முடிந்த அளவோடு ஏழு நூல், அதாவது 7/8 இஞ்ச் சேர்த்துச் சதுரம் வெட்டு என்று சொல்லித் தருவார்கள். ஏன் ஏழு நூல் என்று யாரும் சொல்வதில்லை. நேர்ப்பக்கத்தில் ஒரு தையல், சாய்ந்த பக்கத்தில் ஒரு தையல். சாய்வு என்பதால் அது கூடுதலாகத் துணி கேட்கும். இரண்டையும் சேர்த்தால் தையலுக்கு விடுவதைப்போல் ஏறக்குறைய 3.4 மடங்கு வரும். கால் இஞ்சுக்கு அது 0.85, டேப்பில் அதற்கு மேலே உள்ள கோடு 7/8, அவ்வளவுதான் ரகசியம். இப்போது நீங்கள் முக்கால் சென்டி விட்டுத் தைப்பவராக இருந்து, 7/8 இஞ்சை மட்டும் அப்படியே மாற்றி 2.2 சென்டி சேர்த்தால் முக்கோணம் 3 மி.மீ.க்கு மேல் குட்டையாகிவிடும். உங்களுக்கு வேண்டியது 2.6 சென்டி. ஒரு சென்டி விடுபவருக்கு 3.4.

நூல் என்றதும் ஒரு சின்னப் பெருமை. இஞ்சை எட்டாகப் பிரித்து நூல் என்கிறோம். டேப்பில் உள்ள அரை, கால், அரைக்கால் எல்லாவற்றுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர் உண்டு, பதினாறில் ஒன்றுக்கு மாகாணி வரைக்கும். துணியை மடித்து, மறுபடி மடித்து அளந்த கைகளுக்கு இந்தக் கணக்கு இயல்பாக வரும். கால்குலேட்டருக்கு வராது. 25 சென்டியைப் போட்டால் அது 9.84 இஞ்ச் என்கிறது. எந்த டேப்பில் 9.84 இருக்கிறது? புள்ளிக்குப் பின்னால் உள்ளதை எட்டால் பெருக்குங்கள்: 0.84 பெருக்கல் 8, 6.7 வரும். ஏழு நூல். 9 இஞ்ச் ஏழு நூல் என்பது 25.08 சென்டி. ஒரு மில்லிமீட்டர்கூட இடிக்கவில்லை.

உடுப்புத் தைப்பவர்கள் இவ்வளவு பதற வேண்டாம். உடம்புக்கும் துணிக்கும் நடுவே தளர்ச்சி விட்டுத்தான் வெட்டுகிறோம், அரை சென்டியை அது விழுங்கிவிடும். ஒன்றே ஒன்று: 5/8 இஞ்சுக்கு வெட்டிய துணியை 1.5 சென்டியில் தைத்தால் ஒரு ஓரத்துக்கு 0.9 மி.மீ. மிச்சம். பக்கத் தையல் இரண்டுதான் என்றால் பொருட்படுத்த வேண்டாம். உடுப்பை நீளவாக்கில் பல துண்டாக வெட்டிச் சேர்க்கும் பிரின்சஸ் கட்டில் எட்டுத் தையல் என்றால் 16 ஓரம், சுற்றளவில் 1.4 சென்டி லூஸ். பிடித்துத் தைக்க வேண்டிய உடுப்பில் அது தெரியும்.

டேப்பையும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். 50 இஞ்ச் என்பது சரியாக 127 சென்டி, மிச்சம் மீதி இல்லாமல். இரண்டு பக்கமும் ஒரே முனையில் தொடங்கும் டேப் என்றால், இஞ்ச் பக்கம் 50-ல் விரலை வைத்துத் திருப்பிப் பாருங்கள், அங்கே 127 இல்லையென்றால் அதைப் பெட்டி கட்டத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 60 இஞ்சும் 150 சென்டியும் ஒரே இடத்தில் முடிகிற டேப்பைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் 60 இஞ்ச் 152.4 சென்டி. சரியாக அச்சான துணி டேப்கூட நாளாக நாளாக இழுபடும். இழுபட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்தேதான் நீளும், இந்தச் சோதனையில் மாட்டாது. அதை உலோக ஸ்கேலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள்.

ஊசி உறையில் 80/12, 90/14 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 80 என்றால் 0.8 மி.மீ. கனம். பக்கத்தில் உள்ள 12 இஞ்ச் இல்லை, வேறொரு வரிசை எண், விட்டுவிடுங்கள்.

எந்த முறையில் தைத்தாலும் மூன்று துண்டைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுத்துண்டை அளக்காமல் மீதியைத் தொடாதீர்கள். மடிப்பும் நூலின் கனமும் கொஞ்சம் தின்னும். அதனால்தான் இஞ்சிலேயே பழகியவர்கள்கூடக் கால் இஞ்சுக்கு ஓரிரு இழை குறைவாக விட்டுத் தைக்கிறார்கள். நான் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் மூன்றாவது சதுரத்திலேயே மாட்டியிருப்பேன்.

இரண்டரை இஞ்ச் பட்டையாக, ஐந்து இஞ்ச் சதுரமாக ஏற்கெனவே வெட்டி விற்கிறார்களே, அதை வாங்கினால் மட்டும் இந்தக் கட்டம் மாற்றும் வேலை எதுவும் செல்லாது. துணி இஞ்சில் பிறந்துவிட்டது. அந்தப் போர்வை முடியும்வரை டேப்பைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள்.