ஊருக்காகப் பேச ஆள் வேண்டாமா?

"என் வரிப்பணத்தில் எனக்கு எதிராகவே லாபியா?" என்று கேட்டு, டெக்சாஸில் உள்ளூர் அரசுகள் லாபி செய்வதை, அதாவது சட்டமன்ற உறுப்பினர்களிடம் தங்களுக்காகப் பேச ஆள் வைப்பதைத் தடுக்கச் சொல்லும் அந்தப் படத்தை நேற்று நம்மில் எத்தனை பேர் பகிர்ந்தீர்கள் என்று பார்த்தேன். கீழே நடந்த விவாதத்தையும், நான் எழுதிய பதிலுக்கு விழுந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்தேன். அங்கே நான்கு வரியில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

நகராட்சியோ, நம் ஊர் மாவட்டம் போன்ற கவுண்டியோ, அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டமோ பொதுப்பணத்தில் லாபியிஸ்டை அமர்த்தக் கூடாது, லாபி செய்யும் சங்கங்களுக்குச் சந்தா கட்டவும் கூடாது. இதுதான் மசோதா. 2019 முதல் டெக்சாஸின் மேலவையான செனட் இதை நிறைவேற்றி அனுப்புவதும், கீழவையில் அது கரை சேராமல் போவதும் வழக்கமாகிவிட்டது. 2019இல் 58க்கு 85 என்று அதைத் தோற்கடித்தவர்களில் கிராமப்புறக் குடியரசுக் கட்சியினரும் உண்டு. அவர்களுக்குத் தங்கள் ஊரின் நிலை தெரியும். டெக்சாஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. மேற்குக் கோடியிலுள்ள எல் பாசோவிலிருந்து தலைநகர் ஆஸ்டினுக்கு 900 கிலோமீட்டருக்கு மேல். இரண்டாண்டுக்கு ஒருமுறை 140 நாட்கள் மட்டும் கூடுகிற சட்டமன்றத்தில் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் வந்து விழுகின்றன. அவற்றில் எது தன் ஊர்க் குடிநீர்க் குழாயில் கை வைக்கிறது என்று ஒரு சிற்றூர் மேயர் உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பாரா, ஊரைப் பார்ப்பாரா?

"அவரே நேரில் போய்ப் பேசட்டும், அதை யாரும் தடுக்கவில்லையே" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணா, நான் போயிருக்கிறேன். 2017இல் ஹார்வி புயலில் எங்கள் தெரு முழுவதும் தண்ணீர் புகுந்த பிறகு, வடிகால் பற்றிய ஒரு சட்டமன்றக் குழு விசாரணையில் பேசப் பெயர் கொடுத்துவிட்டுக் காலையிலிருந்து காத்திருந்தேன். அழைத்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. கிடைத்தது இரண்டு நிமிடம். எதிரே இருந்த உறுப்பினர்களில் பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். அதே நாளில், நடைபாதையில், ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தின் ஆட்கள் உறுப்பினர்களின் உதவியாளர்களைப் பெயர் சொல்லி அழைத்துத் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை இந்த மசோதா தொடவில்லை. எண்ணெய் நிறுவனத்தைத் தொடவில்லை, மின்சார நிறுவனத்தைத் தொடவில்லை. அவர்கள் லாபிக்குச் செலவழிக்கும் பணமும் நம் பில்லிலிருந்து போனதுதான். நம் ஊரின் வாயை மட்டும் கட்ட வேண்டுமாம்.

பேச ஆள் இருந்தும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2021 மே மாதம், ஹார்விக்குப் பிந்தைய வெள்ளத் தடுப்புக்காக மத்திய அரசு கொடுத்த நிதியிலிருந்து மாநில நில அலுவலகம் ஏறக்குறைய 100 கோடி டாலரைப் பங்கிட்டது. ஹூஸ்டன் நகருக்குப் பூஜ்யம். அது இருக்கும் ஹாரிஸ் கவுண்டிக்கும் பூஜ்யம். ஹார்வி எங்கே அடித்தது என்பதையே மறந்துவிட்டார்கள் போல! எல்லாப் பக்கமிருந்தும் கூச்சல் கிளம்பிய பிறகுதான், கவுண்டிக்கு 75 கோடி டாலர் கேட்கப்போவதாக நில ஆணையர் ஜார்ஜ் பி. புஷ் அறிவித்தார். ஹாரிஸ் கவுண்டி பெரியது, அதன் கூச்சல் ஆஸ்டின்வரை கேட்டது. சின்னக் கவுண்டி கத்தினால் யாருக்குக் கேட்கும்?

கெர் கவுண்டியை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. வெள்ள எச்சரிக்கை அமைப்புக்காகச் சுமார் 10 லட்சம் டாலர் மானியம் கேட்டு, பல ஆண்டுகளுக்கு முன்பே மாநிலத்திடம் விண்ணப்பித்த கவுண்டி அது. கிடைக்கவில்லை. 2025 ஜூலை 4 அன்று குவாடலூப் ஆறு பெருகி அங்கே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோடை முகாமுக்குப் போன சிறுமிகளும் அதில் உண்டு. லாபியிஸ்ட் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அப்படித் திரித்து எழுத வேண்டாம். ஆனால் அதே மாதம் 21ஆம் தேதி தொடங்கிய சிறப்புக் கூட்டத்தொடருக்கு ஆளுநர் அபாட் கொடுத்த பட்டியலைப் பாருங்கள். வெள்ள எச்சரிக்கையும் அதில் இருந்தது, உள்ளூர் அரசுகளின் லாபிக்குத் தடையும் இருந்தது. பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் இதற்கென்ன அவசரம்?

வரிப்பணத்தைப் பற்றிய அக்கறை என்கிறீர்கள். 2019இல் அன்றைய கீழவைத் தலைவர் டென்னிஸ் பானன் பேசிய ஒலிப்பதிவு வெளியானதே, நினைவிருக்கிறதா? நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் வரலாற்றிலேயே மோசமான கூட்டத்தொடராக இது அமைய வேண்டும் என்பதே தன் நோக்கம் என்றார். இதுவா அக்கறை? இதே மாநில அரசு வாஷிங்டனில் தனக்காகப் பேச வரிப்பணத்தில் ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. அது மட்டும் யார் வீட்டுப் பணம்?

சொத்து வரி உயர்வுக்கு மாநிலம் வரம்பு வைத்தபோது நகராட்சிகள் எதிர்த்தது உண்மை. எனக்கும் அதில் கோபம் உண்டு, நானும் அந்த வரியைக் கட்டுகிறவன்தான். அதற்கு வழி, செலவை வெளிச்சத்தில் வைப்பது. பட்ஜெட்டில் லாபிச் செலவைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று 2019இலேயே சட்டம் வந்துவிட்டது. பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் கவுன்சில் கூட்டத்தில் போய்க் கேளுங்கள், அடுத்த தேர்தலில் ஆளை மாற்றுங்கள். படம் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரு கவுன்சில் கூட்டத்துக்காவது போயிருக்கிறீர்கள்?

"அரசாங்கத்துக்கு வால் பிடிக்கிறவன்" என்று ஒருவர் எழுதினார். அதுதான் வலித்தது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் எனக்கு இந்த நாட்டில் வாக்கு கிடையாது. செனட்டருக்கு நான் யாரோ. ஆனால் என் தெருவின் சாக்கடை அடைத்துக்கொண்டால் நகராட்சிக்கு நான் ஒரு வீட்டுக்காரன்; என் புகாருக்கு எண் கொடுத்து ஆள் அனுப்புகிறார்கள். அந்த நகராட்சி ஆஸ்டினில் போய் நிற்கும்போது எனக்காகவும் நிற்கிறது. என்னைப் போல வரி கட்டியும் வாக்கில்லாமல் இந்த ஊரில் இருக்கும் நம்மவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். எங்களுக்கு இருக்கும் ஒரே வாயையும் அடைக்கச் சொல்லி நீங்களே கைதட்டுகிறீர்கள்.

2025இன் இரண்டு சிறப்புக் கூட்டத்தொடர்களிலும் இது நிறைவேறவில்லை. 2027 ஜனவரியில் சட்டமன்றம் கூடும்போது மறுபடி கொண்டுவருவார்கள். உங்களில் குடியுரிமை பெற்றவர்கள் அப்போது உங்கள் பகுதிக் கீழவை உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து, இதற்கு எதிராக வாக்களிக்கச் சொல்லுங்கள். நான் அழைத்தால் எடுத்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, "நீங்கள் இந்தத் தொகுதி வாக்காளரா?" என்பதுதான்.