கான்ஸ்டபிளை விடுங்கள், எஸ்.ஐ.யைப் பிடியுங்கள்
1975-ல் பி.பி.சி.யில் வந்த பென்ரோஸ் என்ற அப்பாவி இளம் போலீஸ்காரனின் நகைச்சுவைத் தொடரை அப்படியே மயிலாப்பூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரலாம் என்கிறது ஒரு கட்டுரை. அது ஒட்டாது. அதை எழுதிய ராய் கிளார்க் தானே போலீஸில் இருந்தவர், அந்த ஊர் வழக்கம் அவருக்குத் தெரியும். இங்கே இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வானவர் பயிற்சி முடிந்ததும் ஆவடி பட்டாலியனுக்கோ புதுப்பேட்டை ஆயுதப்படைக்கோதான் போவார். பந்தோபஸ்து, பாரா என்று வருஷக்கணக்கில் வெயிலில் நின்றுவிட்டு ஸ்டேஷனுக்கு வரும்போது அப்பாவித்தனம் எங்கே மிச்சமிருக்கும்? 'அப்படியானால் காமெடிக்கே வழியில்லையா' என்று கேட்கலாம். இருக்கிறது, காவலராக இருந்து உயராமல் தேர்வெழுதி நேரே எஸ்.ஐ. ஆகிவிடும் நேரடி எஸ்.ஐ.யிடம்! என் அப்பா ஸ்டேஷனில் புகார், வழக்குப் பதிவேடுகளை எழுதும் ரைட்டராக இருந்தவர். ஒருமுறை புதிதாக வந்த எஸ்.ஐ.க்கு என்னைவிட ஒரு வயது குறைவு. கோயில் வாசலில் செருப்பு காணோம் என்று ஒரு மாமி வந்ததும் எஃப்.ஐ.ஆர். புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டாராம். அப்பா மெதுவாக, "ஐயா, இப்போதைக்கு சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்துடலாங்கய்யா" என்றிருக்கிறார். (வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கொடுக்கும் சீட்டு அது.) "ஏன் ரைட்டர், திருட்டு திருட்டுதானே?" என்று கேட்டாராம் அவர். (அன்றைய சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னதும் சரிதான்.) விஷயம் பரவி, சாயங்காலத்துக்குள் செருப்பைத் தொலைத்த இன்னும் நாலு பேர் வாசலில் நின்றார்கள். மகன் வயதுப் பையனை நாளெல்லாம் 'ஐயா' என்று அழைத்தபடியே அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த அப்பா, வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்த சிரிப்பில் சோற்றுத் தட்டே கவிழப் பார்த்தது.