1,200 பேரில் 120 பேர்தான் மிஞ்சுகிறார்களா?

கல்லடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் ஒரு வகுப்பில் 1,200 பேர். பயிற்சி தாங்காமல் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஓடிவிடுகிறார்கள்.’ இரண்டுமே பிழை.

1,200 என்பது ஏறத்தாழ ஒரு வருடத்தில் சேருபவர்களின் தொகை. அந்த அணி முழுவதையும் அங்கே ‘கிளாஸ்’ என்பார்கள், நாங்கள் ‘2020 பேட்ச்’ என்கிற மாதிரி. பாட அறையில் இருப்பது 18 பேர் அளவில்தான். 1817இல் அந்தக் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்ற சில்வானஸ் தேயர் ஏற்படுத்திய முறை அது: மாணவர் முந்தின நாளே பாடத்தைப் படித்துவிட்டு வரவேண்டும், சோக்கட்டியோடு கரும்பலகைக்குப் போய்க் கணக்கைச் செய்து, நின்று விளக்க வேண்டும். 1,200 பேரை வைத்து இதைச் செய்ய முடியுமா? மட்டக்களப்பில் நான் படித்த வகுப்பில் 42 பேர்; கரும்பலகைப் பக்கம் போன ஞாபகமே இல்லை.

சரி, அந்தத் தொண்ணூறு? விண்ணப்பிப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கும். இடம் கிடைக்காதவர்களைத்தான் யாரோ ‘ஓடிப்போனவர்கள்’ ஆக்கியிருக்க வேண்டும். உள்ளே சேருகிற 1,200 பேரில் ஏறத்தாழ 1,000 பேர் நான்கு வருடம் முடித்து அதிகாரிகளாக வெளியேறுகிறார்கள்.

விலகுபவர்கள் இல்லாமல் இல்லை. முதல் கோடைக்காலப் பயிற்சியிலேயே சிலர் போய்விடுவார்கள். மூன்றாம் ஆண்டு வகுப்புகள் தொடங்குமுன் விலகினால் இராணுவத்தில் சேவை செய்யும் கடப்பாடு கிடையாது.